விலை படிந்த மூட்டை

கமருதீன் ராவுத்தரின் ஏலக்காய்க் கடையில் எடை போடும் மொக்கையன், முதலாளி கூப்பிட்ட பிறகு டீயைக் குடித்து முடித்ததே இல்லை. சத்தம் கேட்டதும் பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடுவான். அப்படி அவன் விட்டுப்போன டீயைச் சேர்த்திருந்தால் கொட்டகுடி ஆற்றில் கோடையிலும் வெள்ளம் போயிருக்கும்.

இந்த அடிமை வாழ்வை ஒழிக்க அவன் கண்ட ஒரே வழி லாட்டரி. வாரம் ஒரு ரூபாய்ச் சீட்டு. பரிசு விழுந்த மறுநாள் பேச வேண்டிய பேச்சும் தயார். முதலாளி தொழுகைக்குப் போன நேரம் தராசைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பான்.

"ராவுத்தரே! இந்தாங்க உங்க தராசு. நாளையிலயிருந்து நீங்களே நிறுத்துக்கங்க. நான் குரங்கணியில காப்பித் தோட்டம் வாங்கிட்டேன்."

"தோட்டத்துல அட்டை கடிக்குமே, ஜமீன்தாரே?" என்பாள், அங்கேயே காய் பொறுக்கும் அவன் மனைவி அன்னக்கொடி. போன மாதம் சட்டையோடு சேர்த்துச் சீட்டையும் துவைத்துக் காயப்போட்டவள் அவள்தான்.

எழுபத்தெட்டாம் வருஷப் பொங்கலுக்குப் பம்பர் சீட்டு வந்தது. பத்து லட்சம். வாங்கிய பிறகு, வீட்டில் வைக்க மொக்கையனுக்கு மனம் வரவில்லை. கடை மூலையில் ஒரு முதல் தர மூட்டை, விலை ஏறட்டும் என்று ஆவணியிலிருந்து கிடந்தது. எந்த வியாபாரி கேட்டும் ராவுத்தர் மசியவில்லை. போடியில் பஸ்சு நேரத்துக்கு வரும் என்று நம்பினாலும் நம்புவார்கள், அந்த மூட்டை விலைபோகும் என்று நம்ப ஆளில்லை. மொக்கையன் அதன் வாய்க்கட்டை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுச் சீட்டைச் செருகினான்.

குலுக்கலுக்கு முந்தின நாள் பம்பாய் வியாபாரி ஒருவர் வந்தார். ராவுத்தர் தோள்துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போட்டார். துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டு கொஞ்ச நேரம் நெளிந்தது. விலகியபோது ராவுத்தர் சிரித்துக்கொண்டிருந்தார். மொக்கையன் மூலை மூட்டையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏப்பா மொக்கையா, அந்த மூலை மூட்டையை நிறுத்துத் தைச்சுரு."

விலை படிந்த மூட்டைக்குள் விற்றவன் ஆள் கை நுழைக்கக் கூடாது. நுழைத்தால் காயை மாற்றுகிறான் என்று பேராகி வியாபாரம் முறியும். அதன்பின் அந்தக் கையை எந்தக் கடைத் தராசும் சேர்க்காது. வியாபாரியோ மூட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மொதலாளி..."

"என்னப்பா?"

ஒத்திகை பார்த்த பேச்சு முழுவதும் நாக்கு நுனியில் நின்றது. மூட்டைக்குள் கையை விட்டால் சீட்டு உண்டு, சோலி இல்லை. சீட்டும் விழாவிட்டால்?

"சணலு மெலிசா இருக்கு. ரெட்டையாப் போட்டுத் தைக்கவா?"

தன் விடுதலையைத் தானே இரட்டைச் சணலில் தைத்து லாரியிலும் ஏற்றிவிட்டான். தையல் வெகு நேர்த்தி என்று வியாபாரி பாராட்டினார்.

விஷயத்தைக் கேட்டு அன்னக்கொடி சிரித்து ஓயவே நேரமாயிற்று.

"ஏய்யா, நம்பராச்சும் ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப விழுந்துச்சா விழலையான்னே தெரியாதா?"

"தெரியாது" என்றபோதுதான் அவனுக்கே உறைத்தது. இதுவரை வாங்கிய சீட்டெல்லாம் குலுக்கலுக்கு மறுநாள் பேப்பரில் செத்துப்போனவை. இதற்குச் சாவே கிடையாது.

"விழலன்னு எவன் சொல்லுவான், சொல்லு பாப்போம்?" என்றான்.

அடுத்த வாரம் டீக்கடை வாசலில் சீட்டு விற்கும் ஒச்சப்பன் சைக்கிளை நிறுத்தினான். "அண்ணே, இந்த வாரச் சீட்டு?"

"வேணாம்ப்பா. பம்பாயில ஏற்கெனவே பத்து லச்சம் கெடக்கு. மனுசனுக்குப் பேராசை ஆகாது."

"ஏப்பா மொக்கையா! லோடு வந்திருக்கு, வெரசா வா!" கடையிலிருந்து ராவுத்தர் குரல்.

கால்கள் தாமாகவே கிளம்பின. மொக்கையன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். பாதி இருந்தது. கால்களை நிறுத்தினான்.

"வர்றேன் ராவு... மொதலாளி!" என்று குரல் கொடுத்தான். மிச்ச டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் போனான்.