ஓடுதளத்துத் தண்ணீர்

அய்சுலுவின் முதல் வருட நினைவு விருந்துக்கு முந்தின நாள் காலையில் கடிதம் வந்தது. நூகுஸ் நகரத்திலிருந்து வரும் பஸ்ஸின் ஓட்டுநர் ஜன்னல் வழியாக நீட்டினார். சர்சென்பாய் அதை நிறுத்தத்திலேயே நின்று படித்தான்.

நகரத்து ஆய்வகத்துக்கு ஏழு குப்பித் தண்ணீர் அனுப்பியிருந்தான். ஆய்வகம் கேட்டது ஆறுதான். ஏழாவது குப்பி காலியாகக் கிடந்ததால், வீட்டுக்குப் போகிற வழியில் ஓடுதளத்துப் பம்பில் பிடித்து வைத்தான். வேறு காரணம் இல்லை. ஆறுக்கும் வழக்கமான பதில் வந்திருந்தது. ஏழாவதற்கு நேரே, பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து, அனுமதித்த அளவைப் போலப் பதினொரு மடங்கு. அடியில், அங்கே வேலை பார்க்கும், கல்லூரியில் கூடப் படித்தவன் பேனாவால் எழுதியிருந்தான்: "இரண்டு முறை பார்த்துவிட்டேன். யாரும் குடிக்க வேண்டாம்."

கொக்சாய் ஊரில் தண்ணீரைப் பற்றிப் பேசினால் உப்பைப் பற்றித்தான் பேச்சு. ஆற்று நீர் கடல்வரை போவது நின்ற பிறகு நிலத்துக்கடியில் உப்பு ஏறிவிட்டது. முற்றத்துப் பம்புகளில் வருவதைக் கொண்டு தேநீர் போட்டுப் பால் ஊற்றினால் திரிந்துவிடும். பால் திரியாத தண்ணீர் நல்ல தண்ணீர். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட முதலில் கிண்ணத்துக்குள்தான் பார்ப்பார்கள். அவன் வேலை பார்த்த சுகாதார அலுவலகமும் அப்படித்தான் பார்த்தது. அவனிடம் கொடுத்திருந்தது உப்பை அளக்கும் கருவி ஒன்றுதான், பேனா நீளத்தில். வேலையில் சேர்ந்த ஆண்டு ஊரின் முப்பத்தொரு பம்புகளின் தண்ணீரிலும் அதை முக்கிப் பார்த்து, உப்பு மிகுந்ததன் கைப்பிடிக்குச் சிவப்பும் குறைந்ததற்கு நீலமும் அடித்தான். நீலம் ஒன்றே ஒன்றுதான். பழைய ஓடுதளத்துக்குக் கீழே இருந்த பம்பு.

வாய்க்காலின் கசிவு அங்கே இறங்கியதால் உப்பு இல்லை. வாய்க்காலுக்கும் பம்புக்கும் நடுவில்தான் ஓடுதளம். வயல்களில் மருந்து தூவும் சின்ன விமானங்கள் ஒரு காலத்தில் அங்கே இறங்கி, மருந்து நிரப்பிக்கொண்டு கிளம்பும். அவை நின்றபோது மிச்சமிருந்த பீப்பாய்களைப் பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். பக்கத்து வடிகாலில், அந்த உப்பு நீரிலேயே, தவளை கத்தும். பம்புக்கடியில் தேங்கிய நீரில் ஒரு தலைப்பிரட்டைகூட இருக்காது. அதையும் பார்த்திருக்கிறான். பார்த்ததோடு சரி.

மனைவி அய்சுலு உண்டாகியிருந்தபோது உப்புத் தேநீர் அவளுக்குக் குமட்டியது. தினமும் அலுவலகம் விட்டதும் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு ஓடுதளத்துக்குப் போனான். ஏழு மாதம். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பிறகு அவள் முகம் வீங்கியது. கால் வீங்கியது. சிறுநீரகம் என்றார் மருத்துவர். இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் அது நன்றாக இருக்கிறது என்றும் அவரே சொன்னார். அவள் பிழைக்கவில்லை. குழந்தையும் தங்கவில்லை.

காகிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அந்தத் தண்ணீரால்தான் என்று யாரும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனான்.

முற்றத்தில் மூன்று பெரிய கொப்பரைகள் கவிழ்த்து வைத்திருந்தன. கடன் வாங்கிய, தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் சமோவார்களைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் டிராக்டர், அதன் பின்னால் தண்ணீர் டேங்க். அய்சுலுவின் சித்தப்பா மகன் ஒரால்பாய் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க, தண்ணி டாக்டர்! மச்சான், பாரு, டேங்க் பூரா உன் நீலப் பம்புத் தண்ணி. விடியறதுக்கு முன்னாடி போய் மூணு மணி நேரம் அடிச்சேன். தோள்பட்டை கழண்டு போச்சு."

"எதுக்கு இவ்வளவு?"

"எதுக்கா? முந்நூறு பேரு வர்றாங்க. எங்க தங்கச்சி பேரைச் சொல்லி உப்பு டீ ஊத்துவியா? அடுத்த வருஷம் வரைக்கும் ஊரு சிரிக்கும்."

மாமியார் பீபிசாரா மாவுக் கையோடு வெளியே வந்தாள். "சாப்பிட்டியா தம்பி?"

"சாப்பிட்டேன் அத்தை."

அவன் சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரியும். ரொட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். ஒரு வருடமாக இது நடக்கிறது. அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அலுவலகத்தில் இரண்டு பேர், அவர்கள் உப்பளவைத் தவிர எதுவும் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க உலகத்தில் இருந்தது இந்த ஒருத்திதான். காகிதத்தைக் காட்டினால், உன் மகளுக்கு விஷத்தைச் சுமந்து வந்தவன் நான் என்று சொன்னதாகும். அதற்குப் பிறகு அவள் கேட்பாளா?

அய்சுலுவின் தங்கை சரிகுல் தேநீர் கொண்டுவந்தாள். அவளுக்கு ஆறாம் மாதம். அவன் கிண்ணத்தில் பால் ஒரு பொட்டுக்கூடத் திரியாமல் கலந்திருந்தது. தன் கிண்ணத்தை வயிற்றின் மேல் தாங்கிப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வேற எதுவும் உள்ள தங்க மாட்டேங்குது அத்தான். இந்த டீ மட்டும்தான் நிக்குது. அக்காவுக்கும் இப்படித்தானே?"

"அதைக் குடிக்காதே."

"ஏன்?"

வாய் வரை வந்தது. மாமியார் அடுப்படியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிப்போச்சு" என்றான்.

"ஆறினா என்ன? ராஜா வீட்டு மாப்பிள்ளை ரொம்பத்தான் பாக்குறாரு." சிரித்துவிட்டுக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். மறுபடி ஊற்றிக்கொண்டாள்.

அவன் தெருவுக்கு வந்து அலுவலகத் தலைவருக்குப் போன் செய்தான்.

"அந்தக் காகிதத்தை யாரு கேட்டா?" என்றார் தலைவர்.

"யாரும் கேக்கலை சார். ஒரு குப்பி கூட இருந்துச்சு."

"அப்ப வரலைன்னே வெச்சுக்கோ. குழு போட்டு, அவங்க வந்து பாத்து, அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் கொதிக்க வெச்சுக் குடிக்கச் சொல்லு."

"கொதிச்சாப் போகாது சார். சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்."

"உனக்கு இன்னைக்கு லீவுதானே? விருந்து வேலையைப் பாருப்பா."

மறுநாள் விடிந்ததும் முதலில் வந்தவன் அவன்தான். டேங்கின் திருகைத் திறந்து விட்டான். தண்ணீர் வாசலைத் தாண்டிச் சாலையோரப் பள்ளத்துக்கு ஓடியது. முழுவதும் வடிய அரை மணி ஆயிற்று. பிறகு முற்றத்துச் சிவப்புப் பம்பை அடித்து ஒவ்வொரு சமோவாராக நிரப்பினான். கொப்பரைகளையும் நிரப்பினான். யாரும் கேட்கவில்லை. மனைவியை இழந்தவன் வேலை செய்தால் ஊரில் யாரும் தடுக்க மாட்டார்கள்.

நண்பகலில் தொழுகை முடிந்தது. ஆண்களுக்கு ஒரு பந்தல், பெண்களுக்கு ஒரு பந்தல். இறைச்சியும் சோள மாவுத் துண்டுகளும் போட்ட தட்டுகள் போய் வந்தன. அப்புறம் தேநீர் வந்தது.

முதல் வரிசையில் பேச்சு நின்றது. ஒரு பெரியவர் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார். வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுகள் மிதந்தன.

"கண்ணீரையும் சேர்த்து ஊத்திட்டாங்க போல" என்றான் யாரோ.

"ஓடுதளம் என்ன மாஸ்கோவிலயா இருக்கு? மாப்பிள்ளைக்குச் சைக்கிள் மிதிக்கக் கால் வலிச்சிருக்கும்."

பெண்கள் பந்தலிலும் முணுமுணுப்பு எழுந்தது. பீபிசாராவின் முகம் சிவந்துவிட்டது. ஒரால்பாய் டேங்கைப் போய்த் தட்டிப் பார்த்தான். சத்தம் வெறுமையாகக் கேட்டது.

"எவன்டா திறந்து விட்டது?"

சர்சென்பாய் இரண்டு பந்தல்களுக்கும் நடுவில் வந்து நின்றான். கூட்டத்தில் பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

"நான்தான் திறந்து விட்டேன். ஓடுதளத்துத் தண்ணியில விஷம் இருக்கு. பருத்தி மருந்து. பீப்பாய் புதைச்ச இடத்துலேர்ந்து இறங்குது. நேத்து காகிதம் வந்துச்சு." காகிதத்தை உயர்த்திக் காட்டினான். எதற்கு உயர்த்தினோம் என்று தெரியவில்லை. இறக்கிக்கொண்டான். "கொதிக்க வெச்சாலும் போகாது. யாரும் குடிக்காதீங்க."

"நீலம் அடிச்சது யாருடா? எங்க தாத்தாவா?" என்றான் ஒரால்பாய். சிலர் சிரித்தார்கள். கேட்டவன் சிரிக்கவில்லை.

"நான்தான். உப்பை மட்டும்தான் பாத்தேன்."

"இத்தனை வருஷமா அதைத்தானே குடிக்கிறோம்? நேத்துக்கூட என் பிள்ளைங்களுக்கு ரெண்டு கேன் இறக்கி வெச்சுட்டு வந்திருக்கேனேடா!"

"போய்க் கொட்டிடு."

ஒரால்பாய் அவன் சட்டையைப் பிடித்தான். பெரியவர்கள் நடுவில் புகுந்து விலக்கினார்கள். அந்தச் சத்தத்தில் பீபிசாரா பெண்கள் பந்தலிலிருந்து இறங்கி வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவள் அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

"என் பொண்ணுக்கும் அதைத்தானே கொண்டுவந்து குடுத்தே?"

"ஆமா அத்தை."

"எத்தனை நாள்?"

"ஏழு மாசம்."

"அதனாலதான் போனாளா?"

"தெரியலை. யாராலயும் சொல்ல முடியாது."

"உன்னால சொல்ல முடியுமா?"

அவன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். அவள் அடுப்படிக்குப் போனாள். மூலையில் சரிகுல் தனக்கென்று மூடி வைத்திருந்த ஓடுதளத்துத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லோரும் பார்க்க முற்றத்தில் கவிழ்த்தாள். காலியான குடத்தையும் உள்ளே எடுத்துப் போகவில்லை. பந்தலுக்குத் திரும்பி, ஒரு கிண்ணம் திரிந்த தேநீரை எடுத்து, முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள். சரிகுல் ஒரு கிண்ணம் எடுத்தாள். பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் எடுத்தார்கள். மற்றவர்கள் எடுக்கவில்லை.

"போய் அந்தப் பம்புப் பிடியைக் கழட்டு" என்றாள் பீபிசாரா, அவன் பக்கம் திரும்பாமல்.

திரும்பி வா என்று சொல்லவில்லை.

ஒரால்பாயின் டிராக்டரிலிருந்து திருகுச்சாவியை எடுத்துக்கொண்டு நடந்தான். யாரும் தடுக்கவில்லை. யாரும் கூட வரவுமில்லை. ஓடுதளத்தின் சிமெண்டுப் பலகைகளுக்கு நடுவில் முட்செடி வளர்ந்திருந்தது. அவற்றின் மேல் உப்புத் தூசி படிந்து வெளுத்திருந்தது. பிடியின் மூன்று போல்ட்டுகளில் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. அதைக் கழற்ற நெடுநேரம் பிடித்தது. கை தோல் உரிந்தது. வலித்ததா என்று யோசித்துப் பார்த்தான்.

பிடியை மடியில் வைத்துக்கொண்டு பம்பு மேடையில் உட்கார்ந்தான். விருந்துக்கு வந்தவர்கள் கார்களிலும் வண்டிகளிலும் கலைந்து போவது தூரத்தில் தெரிந்தது. சிலர் இந்தப் பக்கம் பார்த்தார்கள். வேகத்தைக் குறைத்து, பிறகு போனார்கள்.

மாலை வெயிலில் ஒரு கழுதை வண்டி வந்தது. காலி கேன்கள். ஓட்டி வந்த பெண்ணை அவன் பார்த்ததில்லை. மணல்மேட்டுக்கு அப்பால் மாடு மேய்க்கிற கூட்டத்தைச் சேர்ந்தவளாக இருக்கவேண்டும்.

"பிடியை ஏம்பா கழட்டி வெச்சிருக்கே? ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லை. தண்ணியில விஷம்."

"நல்லாத்தானே இருக்கு? போன வாரம் கொண்டு போனேன். டீ அருமையா வந்துச்சு."

"வரும். உப்பு இல்லை, அதனால. விஷம் நாக்குக்குத் தெரியாது. கன்றுக்குட்டிக்குக் குடுத்தீங்களா?"

"குடுக்காம? அதுக்கும் சேர்த்துத்தான் எடுத்துட்டுப் போவேன்." அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். சிரிப்பு போய்விட்டது. "உனக்கு யாரு சொன்னா? கவர்ன்மெண்ட்டா?"

"கவர்ன்மெண்ட் ஒண்ணும் சொல்லலை. நான் பரிசோதனைக்கு அனுப்பினேன். நான்தான் முதல்ல நல்ல தண்ணின்னும் சொன்னேன்." நிறுத்தினான். இதற்கு மேல் வேண்டியதில்லை. அவள் திரும்பிப் போய்விடுவாள். ஆனால் வாய் நிற்கவில்லை. "ஏழு மாசம் தினம் இங்கேர்ந்துதான் கொண்டு போனேன். அய்சுலு இதைத்தான் குடிச்சா."

வருடம் முழுக்க அந்தப் பெயரை மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறான். அவன் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

"யாரு அய்சுலு?" என்றாள் அந்தப் பெண்.

அவளை எல்லோருக்கும் தெரிந்த ஊரில் ஒருவரும் கேட்டிருக்க முடியாத கேள்வி. அவன் பிடியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, மேடையில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

"கழுதையை நிழல்ல கட்டிட்டு வாங்கக்கா" என்றான். "சொல்றேன்."