கையில தூக்கிப் பாத்து வாங்கினது

எம் புருசன் ஜோசப் ராஜ் எதையும் கையில தூக்கிப் பாத்துத்தான் வாங்குவாரு. அதியமான்கோட்டையில ஹைவே ஓரமா மோட்டார் வைண்டிங் பட்டறை வச்சிருக்காரு. தண்ணி மோட்டார்ல காப்பர் கம்பி சுத்தியிருந்தா கனமா இருக்கும், அலுமினியம்னா லேசு. சுத்துப்பட்டுல யாரு புது மோட்டார் வாங்கப் போனாலும் இவரையும் கூட்டிட்டுப் போவாங்க. இவரு ஒரு கையால தூக்கிப் பாத்துட்டு, "எடுத்துக்கங்க"ம்பாரு, இல்ல "வேணாங்க"ம்பாரு. அதுல ஒரு தடவை கூடத் தப்பினது கிடையாது. எனக்கும் அதுல பெருமைதான், அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

நான் ஆக்சிலியா. ஓசூர்ல ஒரு கம்பெனியில டிராயிங் செக்ஷன்ல வேலை. காலையில அஞ்சு மணிக்கு கம்பெனி பஸ் ஹைவேயில வந்து ஹாரன் அடிக்கும். திரும்பி வூடு வந்து சேர எட்டரை ஆயிடும். நான் போறப்பவும் எம் மக பிளசி தூங்குவா, வர்றப்பவும் தூங்குவா. நாலு வயசுப் புள்ளைக்கு அம்மா முகம் ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். ஒரு நாள் பூசைக்குக் கிளம்பறப்ப என் முந்தானையப் புடிச்சுக்கிட்டு, "நீ நாளைக்கும் வருவியா?"ன்னு கேட்டா. வருவியான்னு கேக்கறா பாருங்க, பெத்தவளை! அன்னிக்கு முடிவு பண்ணினேன், இந்த பஸ்ஸை விட்டே தீரணும்னு.

பதினஞ்சு நாள் லீவு போட்டேன். தர்மபுரியில மதியழகன்னு ஒரு இன்ஜினியர், வூடு கட்டித் தர்றவரு. கட்டறதுக்கு முன்னாடியே வூட்டுக்குள்ள நடந்து பாக்கற மாதிரி கம்ப்யூட்டர்ல வீடியோ செஞ்சு குடுக்க ஆள் தேடிட்டிருந்தாரு. "சனிக்கிழமை சாயங்காலம் பார்ட்டி வர்றாங்கம்மா. அதுக்குள்ள ஒண்ணு முடிச்சுக் குடு. நல்லா வந்தா இனிமே எல்லா வூடும் உனக்குத்தான். இல்லன்னா சேலத்துக்காரங்களுக்கே குடுத்துருவேன்"னாரு. ராப்பகலா வரைஞ்சு முடிச்சேன். ஆனா அதை வீடியோவா மாத்த என் பழைய கம்ப்யூட்டர் எட்டு நாள் கேட்டுச்சு. பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணை செகண்ட்ஸ்ல வாங்கினேன். அதைப் போட்டா ஒரே நாள்ல முடியும். ஆனா கம்ப்யூட்டருக்குள்ள கரண்டு பிரிச்சுக் குடுக்கற பவர் சப்ளை டப்பா பழசு, அதுல அந்தக் கார்டுக்குச் சொருகற ஒயரே இல்ல. புதுசு வாங்கணும்.

"நீ வேலையப் பாரு. கரண்டு சமாச்சாரம் எல்லாம் என் கணக்கு"ன்னு இவரு வண்டிய எடுத்தாரு.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஒரு டப்பாவோட வந்தாரு. மேல 750 வாட்ஸ்னு கொட்டை எழுத்து. "கடையில நாலு பீஸ் தூக்கிப் பாத்தேன். இதுதான் கனம். உள்ள காப்பர் சும்மா இறுக்கிச் சுத்தியிருப்பான்"னாரு. மேல தீர்த்தம் வேற தெளிக்க வந்தாரு. "அய்யோ சாமி, தண்ணி ஆகாதுங்க"ன்னு புடுங்கி வச்சேன். அப்பவாவது நான் லேபிளைப் படிச்சிருக்கணும். தொழில்காரர் சொல்றாரேன்னு விட்டுட்டேன், என் புத்தியச் சொல்லணும்.

வியாழக்கிழமை காலையில மாட்டி ஓட விட்டேன். பன்னெண்டு நிமிசம். பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. திரும்பப் போட்டேன், பத்து நிமிசம். எனக்கு அழுகையும் கோவமும் சேந்து வந்துச்சு.

"வோல்டேஜ் பத்தல. இப்ப த்ரீ பேஸ் நேரம், காட்டு மோட்டாரெல்லாம் ஒண்ணா ஓடுதில்ல?"ன்னு பட்டறையில இருந்து ஸ்டெபிலைசரைத் தூக்கிட்டு வந்தாரு. அப்பவும் அணைஞ்சுது. த்ரீ பேஸ் போகட்டும்னு காத்திருந்து, மோட்டார் சத்தமே இல்லாத நேரத்துல ஓட்டினேன். அப்பவும் அதே பன்னெண்டு நிமிசம்.

வெள்ளிக்கிழமை காலையில அந்தப் பவர் சப்ளையைக் கழட்டி மேசை மேல வச்சேன். பக்கவாட்டுல எறும்பு மாதிரி எழுத்துல ஒரு கட்டம் போட்டிருந்துச்சு. இவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, மோட்டார் மேல அஞ்சு எச்பின்னு ஒட்டியிருந்தா நம்பிருவீங்களா?"

"அதெப்படி? மீட்டர் வச்சு ஆம்பியர் பாப்பேன்."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் பாக்கல?"

அவருக்கு முகம் சுருங்கிருச்சு. நான் விடல. "கார்டும் பிராசசரும் திங்கறது பன்னெண்டு வோல்ட் லைன்ல மட்டுந்தான். இந்தக் கட்டத்துல அந்த லைனுக்கு இருபத்திரண்டு ஆம்பியர்னு போட்டிருக்கான். பன்னெண்டால பெருக்குங்க."

வாயிலயே கணக்குப் போட்டாரு. "எரநூத்தி அறுபத்தி நாலு."

"எனக்கு வேண்டியது முந்நூத்தி நாப்பது வாட்ஸ். மேல மட்டும் எழுநூத்தி அம்பது. தெலுங்குல சொல்வாங்களே, பேரு பெத்த பேரு, தாக நீலு லேதுன்னு, பேருதான் பெருசு, குடிக்கத் தண்ணியில்ல!"

"அப்ப இவ்வளவு கனம் எப்படி வந்துச்சு?"ன்னு இன்னமும் அதுலயே நின்னாரு. டார்ச்சை எடுத்து, காத்தாடி ஓட்டை வழியா உள்ள அடிச்சுப் பாத்தாரு. பாத்துட்டு டார்ச்சை என்கிட்ட நீட்டினாரு. நானும் குனிஞ்சு பாத்தேன். ஓரமா ரெண்டு ஸ்க்ரூ போட்டு கட்டியா ஒரு இரும்புத் தகடு. அதுக்கு ஒரு ஒயரும் போகல, அதுல இருந்து ஒரு ஒயரும் வரல.

"இது எதுக்குடி?"

"தூக்கிப் பாத்து வாங்கறவங்களுக்கு."

சொன்னதுக்கப்புறம் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா இரக்கப்படவும் நேரமில்ல, சண்டை போடவும் நேரமில்ல. "கிளம்புங்க தர்மபுரிக்கு. இந்தத் தடவை நான் பாத்து எடுக்கறேன். நீங்க வண்டி மட்டும் ஓட்டுங்க"ன்னேன்.

வேற கடை. கடைக்காரர் குரு எடுத்த எடுப்புலயே ஒரு ஆயிரம் வாட்ஸைக் காட்டினாரு. "பெரிய நம்பர் வேணாங்க, பன்னெண்டு வோல்ட் லைன் எத்தன ஆம்பியர்னு காட்டுங்க"ன்னேன். மனுசன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, ஒவ்வொரு டப்பாவா திருப்பினாரு. நாலாவது டப்பாவுல இருந்துச்சு, அம்பத்தி நாலு ஆம்பியர். மேல போட்டிருந்ததோ 650 தான். கீழ 100-240 வோல்ட்னு இருந்துச்சு. அதாவது நம்மூர் கரண்டு நூறு வோல்ட் வரைக்கும் எறங்கினாலும் தாங்கும். கார்டுக்கு வேண்டிய ரெண்டு ஒயரும் இருக்கான்னு பிரிச்சுப் பாத்து, அஞ்சு வருச வாரன்டியும் பில்லுல எழுதி வாங்கினேன். விலை முந்தினதை விட ரெண்டு மடங்கு. இவரு மெதுவா கையில தூக்கிப் பாத்தாரு, பழக்கம் விடுமா? "அதை விட லேசா..."ன்னு ஆரம்பிச்சு, என் மூஞ்சியப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டாரு.

மத்தியானம் ஒரு மணிக்கு ஓட விட்டேன். பன்னெண்டாவது நிமிசம் வந்துச்சு. பதிமூணும் வந்துச்சு. ஓடிட்டே இருந்துச்சு.

சனிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. அப்பப் பாத்து த்ரீ பேஸ் வந்து சுத்துப்பட்டு மோட்டார் அத்தனையும் கிளம்புச்சு. லைட்டு மங்குச்சு, பேன் மூச்சு வாங்குச்சு. இவரு ஓடி வந்து ஸ்டெபிலைசர்ல கைய வச்சாரு. "வேணாம், விடுங்க. அது தாங்கும்"னேன். வாய் சொல்லுச்சே தவிர, கை மாதாவோட ஜெபமாலைய இறுக்கிப் புடிச்சிருந்துச்சு. தாங்குச்சு. பதினோரு மணிக்கு முடிஞ்சுது.

சாயங்காலம் மதியழகன் சார் போன் பண்ணினாரு. "பார்ட்டி மூணு தடவ போட்டுப் பாத்தாங்கம்மா. அடுத்து ரெண்டு வூடு இருக்குது, திங்கக்கிழமை பிளான் அனுப்பறேன்."

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து கம்பெனிக்கு ராஜினாமா எழுத உக்காந்தேன். பேன் காத்துல காயிதம் பறந்துட்டே இருந்துச்சு. இவரு பட்டறையில இருந்து வந்து அது மேல ஒண்ணை வச்சாரு. அந்த இரும்புத் தகடு. பழசைப் பிரிச்சு எடுத்திருக்காரு.

"நல்ல கனம் ஆக்சி"ன்னாரு. ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம்.

மறுநாள் அஞ்சு மணிக்கு பஸ் ஹாரன் அடிச்சுது. எம் புருசன் போய் லெட்டரை டிரைவர்கிட்ட குடுத்துட்டு வந்தாரு. நான் பாயை விட்டு எழுந்திரிக்கல. பிளசி ஏழு மணிக்குக் கண்ணு முழிச்சா. பக்கத்துல என்னையப் பாத்ததும் கண்ணைக் கசக்கிக்கிட்டு மறுபடியும் பாத்தா.

"அம்மா, இன்னிக்கும் ஞாயித்துக்கிழமையா?"

"இல்லடி தங்கம். திங்கக்கிழமை."