பன்னிரண்டு சமையலறைகளும் ஒரு ஹீட்சிங்க்கும்

ஆகஸ்ட் மாதத்து பாக்தாத்தில் வேறு எதற்கு ஆள் கிடைக்காவிட்டாலும், சூட்டைத் தணிப்பது எப்படி என்று புத்தி சொல்லத் தெருவுக்கு நாற்பது பேர் கிடைப்பார்கள். நிப்ராஸ் அவர்களைத் தேடித் தெருவுக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. சொந்தத் தாய்மாமனே அந்த ரகம்.

நிப்ராஸ் சமையலறை வரைகிறவள். தச்சுப்பட்டறைக்காரர் உஸ்தா காதிம் அளவுகளை அனுப்புவார். அவள் அலமாரி, சலவைக்கல், விளக்கு எல்லாம் வைத்துக் கம்ப்யூட்டரில் போட்டோ மாதிரியே படமாக்கித் தருவாள். இந்தத் தடவை புது அடுக்குமாடி ஒன்றின் பன்னிரண்டு சமையலறைகள். புதன்கிழமை நாலு மணிக்குள் படம் வந்தால் கட்டடத்தின் மீதி வீடுகளும் அவளுக்கே, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக உஸ்தா தன்மையாகச் சொல்லியிருந்தார். அவர் தன்மையாகப் பேசினால்தான் அவளுக்குப் பயம். கம்ப்யூட்டரோ, ஒரு படம் முழுசாக முடிவதற்குள் சூடேறிப் பொசுக்கென்று அணைந்துவிடும். பிராசஸரோடு இலவசமாக வந்த இத்துனூண்டு விசிறியால் அந்தச் சூட்டைத் தாங்க முடியவில்லை, பாவம்.

மூன்று நாள் உட்கார்ந்து படித்து, கம்ப்யூட்டர் பெட்டியின் உள்ளகலத்தை அளந்து, புதுசாக வாங்குவது நூற்று அறுபது மில்லிமீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சினாஆ தெருவுக்குக் கிளம்பியபோது அம்மா, மாமாவையும் கூட்டிக்கொண்டு போ என்றாள். மாமா அபூ லைத் முப்பது வருஷமாக வீட்டு ஏர்கூலர் ரிப்பேர் செய்கிறவர். வைக்கோல் பட்டை மாற்றுவார், தண்ணீர் மோட்டார் மாற்றுவார், கூடவே ஓயாமல் பேசுவார்.

கடைக்காரன் வஸ்ஃபி, பிராசஸரின் சூட்டை உறிஞ்சி விசிறியால் வெளியே தள்ளும் ஹீட்சிங்க்குகள் நாலைந்தை மேஜையில் வைத்தான். மாமா ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்தார், தர்பூசணியைத் தட்டுவதுபோல் விரலால் தட்டியும் பார்த்தார். கடைசியில் இரட்டை விசிறி வைத்த ஒரு ராட்சசனைக் கட்டிக்கொண்டார். வஸ்ஃபி நல்லவன். எந்த பிராசஸர், மெமரி எவ்வளவு உயரம், பெட்டி எவ்வளவு அகலம் என்று நிப்ராஸிடம் கேட்டான். அவள் சீட்டை எடுப்பதற்குள் மாமா குறுக்கே பாய்ந்தார்.

"காத்து எங்க அதிகமோ அங்கதான் குளிர்ச்சி. இதுல படிக்கிறதுக்கும் அளக்கிறதுக்கும் என்னம்மா இருக்கு?"

"ஹாஜி, பெருசை வித்தா எனக்குத்தான் லாபம்," என்றான் வஸ்ஃபி. "ஆனா பெட்டி மூடாது. அப்புறம் நீங்க வந்து என் சட்டையைப் பிடிப்பீங்க."

அதே அளவுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து ராட்சசனை உள்ளே நிறுத்தியும் காட்டினான். பக்கக் கதவு மூடவில்லை. மாமா கதவை இரண்டு தரம் இடுப்பால் இடித்துப் பார்த்தார், அப்போதும் மூடவில்லை. நிப்ராஸ் சத்தம் போடாமல், நூற்று ஐம்பத்தைந்து உயரமும் ஒற்றை விசிறியும் வழவழவென்ற செம்பு அடியும் கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மாமா ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். மாட்டுவது அவர்தான், யாரும் பக்கத்தில் நின்று தொணதொணக்கக் கூடாது. நிப்ராஸும் தலையாட்டித் தொலைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாமா கதவைச் சாத்திக்கொண்டு மாட்டினார். வெளியே வந்தபோது முகத்தில் அப்படியொரு பெருமை. அவர் கிளம்பிப் போனதும் நிப்ராஸ் முதல் படத்தை ஓடவிட்டாள். பழைய விசிறியாவது இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தது, இது நாலே நிமிஷத்தில் அணைந்தது. மறுபடி போட்டாள், மூன்று நிமிஷம். அவளுக்கு அழுகை வந்தது. சீட்டு எழுதி, அளந்து, படித்து, கடைசியில் தான்தான் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்று அந்தச் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாமா மறுபடி வந்தார். பேச்சில் கவலையைவிட சந்தோஷம்தான் ஒரு பிடி தூக்கலாக இருந்தது. தான் அப்போதே சொன்னதாகவும், இரட்டை விசிறிதான் சரி என்றும், பக்கக் கதவைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றும் சொன்னார். இதைக் கழற்றிக் கொடுத்தால் ஓடிப்போய் மாற்றி வந்துவிடுவாராம். நிப்ராஸ் திருகாணிகளைக் கழற்றி ஹீட்சிங்க்கைப் புரட்டினாள். செம்பு அடியில் ஒட்டியிருந்த நைலான் தாள் அப்படியே இருந்தது. அதன் மேல்தான் மாமா, பிராசஸரின் சூட்டைச் செம்புக்குக் கடத்த வேண்டிய பசையை அழகாக, கேக்குக்குக் க்ரீம் தடவுவதுபோல் தடவியிருந்தார்.

"மாமா, இதைப் பிரிக்கலையா?"

"பிரிப்பாங்களா யாராவது?" மாமாவுக்கு நிஜமாகவே அதிர்ச்சி. "புதுச் செம்புடி. கீறல் விழாம இருக்கட்டும்னு பத்திரமா விட்டு வெச்சேன். நாளைக்கு விக்கப் போனா நைலானோட இருக்கிறதுக்கு விலையே தனி."

அவரைத் திட்டவும் முடியாது. அந்த வீட்டில் ரிமோட் நைலானில் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவு, மாமாவின் கார் சீட் எல்லாமே நைலானில்தான். கூடத்து சோஃபா வாங்கிப் பதினோரு வருஷம், அதன் நைலான் பழுத்து மஞ்சளாகியும் இன்னும் பிரிக்கவில்லை. அது நிப்ராஸைப் பெண் பார்க்க வருகிற அன்றைக்குத்தான் பிரிக்கப்படும் என்பது அம்மாவின் சட்டம்.

நிப்ராஸ் தாளைச் சர்ரென்று உரித்தாள். மாமா தன் தோலையே உரித்ததுபோல் முகம் சுளித்தார். அவள் பழைய பசையைத் துடைத்து, புதுப்பசை வைத்து, தானே மாட்டினாள். பத்தரைக்கு முதல் படம் ஓடியது. சூடு அறுபத்தெட்டு டிகிரிக்கு வந்து அங்கேயே நின்றது. நாலு நிமிஷம் தாண்டியது, இருபதும் தாண்டியது. படம் முழுசாக வந்தது.

அந்த நேரம் பார்த்து அரசாங்கக் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரிப் பெட்டியின் தயவில் பிழைத்தது. தெரு ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு வருவது நாலே ஆம்பியர். ஏர்கூலரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடினால் ஃப்யூஸ் போய்விடும். எதை நிறுத்துவது என்று நிப்ராஸ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்துபோய் ஏர்கூலரை அணைத்துவிட்டு வந்து சோஃபாவில் உட்கார்ந்தாள். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் அப்படியே இருந்தார்கள். வெளியே ஐம்பது டிகிரி. அசைந்தால் போதும், நைலான் பறட் பறட்டென்று முதுகைவிட்டுக் கழன்றது.

ஒன்பதாவது படம் முடிகிற நேரம் மாமா நைலானிலிருந்து ஒரு காலைப் பிய்த்தெடுத்தார். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"அக்கா," என்றார். "கத்திரிக்கோல் எங்க வெச்சிருக்க?"

"தொட்டே, கையை ஒடிப்பேன். பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு வெச்சிருக்கேன்."

நிப்ராஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வர்றவங்க வரும்போது வரட்டும்மா. பதினோரு வருஷமா வெந்துக்கிட்டிருக்கிறது நாமதானே."

மாமாவே போய்க் கத்திரிக்கோலைத் தேடி எடுத்து வந்தார். அம்மா தடுக்கவில்லை. நைலான் நீளமாக, வறட்டுச் சத்தத்தோடு பிரிந்தது. கூடத்தில் இருந்த மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். வாங்கிய நிறமே மறந்துபோய், இத்தனை வருஷம் கடுகு நிறம் என்று நினைத்து அதற்குத் தோதாகத் திரைச்சீலைகூட வாங்கிப் போட்ட சோஃபா, நல்ல வெளிர் நீலம்.

அம்மா ஓரமாக, விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள். துணியைத் தடவிப் பார்த்தாள். மெல்லச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றே முக்காலுக்குப் பன்னிரண்டாவது படம் போனது. ஐந்து நிமிஷத்தில் உஸ்தாவிடமிருந்து பதில் வந்தது: மீதி வீடுகளின் அளவுகளை நாளைக்கு அனுப்புகிறார். நிப்ராஸ் அதை இரண்டு தரம் சத்தமாகப் படித்தாள். தன் கை ராசியைப் பற்றி மாமா ஏதோ ஆரம்பித்தார். அம்மா கண்ணைத் திறக்காமலே, அந்தக் கை போய் டீ போட்டுக்கொண்டு வரட்டும், தான் இனி எழுந்திருப்பதாக இல்லை என்றாள்.

மாமா சமையலறைக்குப் போனார். சர்க்கரை எந்த டப்பாவில் என்று அங்கிருந்து கேட்டார்.