டோரீன் வாசித்த பத்தி

வெள்ளரிக்காய் ஊறுகாயை வாய்க்குள் அதக்கிக்கொண்டே சிரித்தான் லாயிட் பெர்க்மன். வினிகர் தாடையில் வழிந்து சட்டைக் காலரில் சொட்டியது. துடைக்கக்கூட இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த நான் என் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

திங்கட்கிழமைகளில் அமெரிக்காவின் பர்பாங்க் ஸ்டுடியோவில் எல்லோரும் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையை முதல்முறை வாய்விட்டு வாசிப்பார்கள். ‘ஒன்பதாம் அறை’ என்று அந்த டிவி சிரிப்பு நாடகத்துக்குப் பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் அதைப் பார்க்காத வீடு கிடையாது. எல்லாப் பாடத்திலும் தோற்றுப்போன பிள்ளைகள், அவர்களைக் கைவிடாத தங்கமான வாத்தியார் ஒருத்தர். அந்தத் தங்கம்தான் இந்த லாயிட். நிஜ வாத்தியார்களே அவனுக்கு உருகி உருகிக் கடிதம் எழுதினார்கள், பாவம்.

நான் அங்கே நிஜ டீச்சர். பதினெட்டு நிரம்பாத பிள்ளை நடித்தால், படப்பிடிப்புக்கு நடுவே தினமும் பாடம் நடத்த ஓர் ஆள் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பிள்ளையின் நேரம் முடிந்ததும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிற அதிகாரமும் அந்த ஆளுக்குத்தான். அதனாலேயே என்னை அங்கே யாருக்கும் பிடிக்காது.

எனக்கு இருந்தது ஒரே மாணவி, டோரீன். பதினாறு வயது. வகுப்பிலேயே மண்டுவான மிட்ஸியாக நடித்தாள். நிஜத்திலும் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஞாயிற்றுக்கிழமை கதை வீட்டுக்கு வந்ததும் அம்மாக்காரி வாசிக்க வாசிக்க, காதால் கேட்டே முழுவதையும் மனப்பாடம் பண்ணிவிடுவாள். அத்தனை கூர்மையான பெண். இது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஆனால் அன்று காலைதான் மாற்றி எழுதிய பக்கங்களை நீட்டினார்கள். மாற்றிய பக்கம் என்றால் ரோஸ் தாள். அதைப் பார்த்ததுமே அவள் முகம் வெளுத்துவிட்டது.

முதல் வரியிலேயே நின்றாள். திரும்பத் தொடங்கினாள். ஒரே சொல்லை மூன்றாக உடைத்துவிட்டு ஒட்டத் தெரியாமல் திணறினாள். அப்போதுதான் லாயிட் ஊறுகாயோடு சிரித்தது.

“அடி தாயே! நீ நடிக்கவே இல்லையா இத்தனை நாளா? நெசமாவே மண்டுதானா?”

மேஜையே குலுங்கியது. எழுதுகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டைரக்டர் ஸ்டான் கையைத் தட்டினான். “இதை விடக் கூடாதுப்பா! வகுப்புல மிட்ஸி எழுந்து பாடம் வாசிக்கிறா, இப்படியே திணறுறா. வெள்ளிக்கிழமை ஜனங்க முன்னாடி இதேதான். கண்ணு, எதையும் மாத்திடாத, என்ன?”

டோரீன் தலையாட்டினாள். அவள் கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது.

என் அறைக்கு வந்ததும் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. மிட்ஸி வாசிக்கவென்று புதிதாக எழுதிக் கொடுத்த பத்தியை விரித்து வைத்தாள். மிசிசிப்பி ஆறு எங்கே பிறந்து எங்கே போகிறது என்று நாலைந்து வாக்கியம். வாசித்துக் காட்ட நான் கையை நீட்டினேன்.

“வேண்டாம் டீச்சர். நீங்க வாயைத் திறக்காதீங்க. காதுல விழுந்துட்டா அப்புறம் நான் வாசிச்சதா ஆகாது.”

அந்த வாரம் முழுக்க அதே பத்திதான். ஒவ்வொரு எழுத்தோடும் மல்லுக்கட்டினாள். வியாழக்கிழமை மதியம் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் தங்குதடையில்லாமல் வந்தது.

“நாளைக்கு இப்படித்தான் வாசிக்கப்போறேன்” என்றாள்.

“தூக்கிடுவாங்கடி உன்னை.”

“தூக்கட்டும். எனக்குப் படிப்பு ஏறவே ஏறாதுன்னு அம்மா முடிவே பண்ணிட்டா. வந்து கேட்கட்டும். ஒரே ஒரு தடவை டீச்சர்.”

வெள்ளிக்கிழமை படப்பிடிப்பைப் பார்க்க வந்த கூட்டம் நிரம்பி வழிந்தது. டோரீன் எழுந்து நின்று வாசித்தாள். அவசரப்படாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ ஒரு பெண் கைதட்டினாள். மிட்ஸி தேறிவிட்டாள் என்பதுதான் கதை என்று நினைத்திருப்பாள். அவளைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். அம்மாக்காரி தட்டாமல், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டான் படப்பிடிப்பை நிறுத்தினான். லாயிட் கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஊரறிந்த அந்த இனிப்புச் சிரிப்பைச் சிரித்தான்.

“மன்னிச்சுக்குங்க சார், அம்மா! நம்ம பாப்பா இன்னிக்குத் தப்பித்தவறி வீட்லேருந்து மூளையை எடுத்துட்டு வந்துடுச்சு!”

கைதட்டிய அதே ஜனங்கள் சிரித்தார்கள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். தலைமயிரோடு சோற்றை விழுங்கிய மாதிரி இருந்தது எனக்கு.

மறுபடி எடுத்தார்கள். குரல் நடுங்கியது, ஆனால் ஒரு சொல் தவறவில்லை. லாயிட் அவள் மணிக்கட்டைப் பிடித்து, காதுக்குள் வாயை வைத்து ஏதோ சொன்னான். அவள் காதில் பட்ட அவன் எச்சிலைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்தேன்.

“அவ நேரம் முடிஞ்சுபோச்சு.”

“ஒரே ஒரு தடவை, டீச்சரம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றான் ஸ்டான்.

“முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான். வாடி.”

அவன் தோளைக் குலுக்கினான். “போங்க. சிரிப்பை அப்புறமா ஒட்டிக்கிறோம்.”

எனக்கு அது காதிலேயே ஏறவில்லை. ஜெயித்த மிதப்பு. காருக்குப் போகிற வழியெல்லாம் டோரீன் தெருக் கடைகளின் பெயர்ப்பலகை ஒவ்வொன்றையும் உரக்க வாசித்துக்கொண்டு வந்தாள்.

சில வாரம் கழித்து அது டிவியில் வந்தது. நானும் என் வீட்டுக்காரர் வால்ட்டரும் மடியில் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டோரீன் எழுந்து நின்றாள். முதல் சொல், உடனே ஒரு சிரிப்பலை. அடுத்த சொல்லுக்கு முன்னால் லாயிட் நெற்றியில் அடித்துக்கொள்கிற முகம். நாங்கள் கிளம்பின பிறகு எடுத்து நடுநடுவே செருகியிருக்கிறார்கள். அவள் வாசிக்கிறாள், சிரிப்பு. நிறுத்துகிறாள், இன்னும் பெரிய சிரிப்பு. லாயிட் நாற்காலியோடு கவிழ்கிறான். கைதட்டல் எங்கேயுமே இல்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் சிரிக்காத யார் யாரோ, எந்தக் காலத்திலோ எதற்கோ சிரித்து டேப்பில் பதிந்த சிரிப்பை எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

வால்ட்டர் குழம்பு ஒட்டிய உதட்டோடு குலுங்கினார். “எப்படித் தடுமாறுது பாரேன், அந்தப் பொண்ணு!”

“எங்கே தடுமாறினா? ஒரு சொல் காட்டுங்க.”

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அதான்… எல்லாரும் சிரிக்கிறாங்களே.”

எனக்கு அந்தத் தட்டை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எழுந்துபோய் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டேன். “ஏய், ஏய்” என்றார் அவர். சமையலறையில் டெலிபோன் அடிக்க ஆரம்பித்தது. டோரீனைத் தவிர இந்த நேரத்தில் வேறு யார் கூப்பிடப் போகிறார்கள். நான் அசையவில்லை. திரையில் டோரீனின் உதடுகள் சத்தமில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவள் வாசித்த அந்த ஆறு, மாநிலம் மாநிலமாகத் தாண்டி, அகலமாகி, கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.