திரும்பாமல் வீடு வரும் வழி

சாயங்காலம் நாலு மணி ஆனால் அப்பாவுக்கு வீட்டுக்குப் போகவேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டேதான் அப்படிச் சொல்வார். கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. வானம் மூடிக்கிடந்த அன்றும் நாலடிக்கச் சரியாக எழுந்து, கட்டிலுக்கடியில் காலால் துழாவிச் செருப்பை இழுத்தார். "அவ தனியா இருப்பா" என்றார். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது.

அக்கா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை அது பூட்டியிருக்கும் என்று கடைத்தெருவுக்கே தெரியும்.

ஆரம்பத்தில் அவள் கதவைப் பூட்டிப் பார்த்திருக்கிறாள். அப்பா ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கையைக் கிழித்துக்கொண்டார். சரி, கொஞ்ச தூரம் கூடப் போய்த் திருப்பிக் கூட்டி வரலாம் என்றால், வந்த வழியில் மறுபடி கால் வைக்க அவர் ஒப்பவே மாட்டார். தோளைத் தொட்டுத் திருப்பினால் கை ஓங்குவார். ஒருநாள் அக்காவின் உதடு கிழிந்தது. அதற்கப்புறம் அவளே ஊரைச் சுற்றி நடந்து நடந்து இந்த வழியைக் கண்டுபிடித்தாள். கடைத்தெரு, மாட்டுச்சந்தை மைதானம், செங்கல் சூளை, வாய்க்கால் கரை, நடைபாலம், அந்தப் பக்கம் ரயில்வே கேட், அங்கிருந்து எங்கள் வீட்டுக் கொல்லை. மொத்தம் நாலு கிலோமீட்டர். எங்கேயும் வந்த வழியே திரும்பவேண்டாம். போய்க்கொண்டே இருந்தால் வீடு வந்துவிடும். கொல்லைக் கதவைத் திறந்ததும் "வந்தாச்சு" என்று அப்பா செருப்பைக் கழற்றிவிடுவாராம். இரண்டு வருடமாக, மழைக்கும் காய்ச்சலுக்கும் லீவு இல்லாமல், தினமும்.

நான் நகரத்தில் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். மாதத்துக்கு ஒருமுறை வந்து, பழம் வாங்கி வைத்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கான விண்ணப்பம் இந்தத் தடவை என் பையில் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். நான் போட்டுவிட்டேன். அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள். முதலில் ஒருநாள் கூட நடந்து பார், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றாள்.

அப்பா முன்னால் போனார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். இப்போதும் கூட்டத்தில் யாரையும் உரசாமல் நடந்தார். சந்தை நாள் முடிந்த மைதானத்தில் சாணியும் வைக்கோலும் மழைத் தண்ணீரில் ஊறிக்கிடந்தன. சூளையில் புகை இல்லை. இவ்வளவுதானா, இதற்கா இவள் இப்படி இளைத்துப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது உண்மை.

வாய்க்கால் கரை ஆள் ஒருவர் போகும் அகலம். அதன் முடிவில் நடைபாலம் இருந்த இடத்தில் இரண்டு தூண்கள் மட்டும் நின்றன. பலகைகளைப் பெயர்த்துக் கரையில் அடுக்கியிருந்தார்கள். குறுக்கே ஒரு கயிறு. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் முட்டிக்கொண்டு போனது. நேற்றுக்கூட இருந்ததே என்று அக்கா முணுமுணுத்தாள்.

அப்பா கயிற்றைத் தூக்கிக் குனிந்தார். நான் பாய்ந்து அவர் முழங்கையைப் பிடித்து, வழி இல்லை, திரும்பலாம் என்றேன். அறை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. என் மூக்குக்கண்ணாடி தண்ணீரில் போய் விழுந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. வழிப்பறிக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அக்கா இரண்டு கையாலும் அவர் சட்டையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு நின்றாள். அவளுடைய பாதங்கள் சேற்றில் வழுக்கிக்கொண்டிருந்தன. தூறல் வலுத்தது.

"தம்பி, பின்னாடி போய் நில்லு" என்றாள் மெதுவாக. "கண்டக்டர் குரல் குடுக்கிற மாதிரி குடு."

அப்புறம் அப்பாவின் காதருகே, பாலம் இல்லை, வண்டியைப் பின்னால் எடுக்கவேண்டும் என்றாள். அவர் உடம்பு தளர்ந்தது. கயிற்றை விட்டார். தலையை மட்டும் திருப்பி இடது தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

நான் தோளில் தொங்கிய பையை, பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவதுபோல் தட்டினேன். "வரலாம்... வரலாம்" என்றேன். என் குரல் எனக்கே வேற்று ஆள் குரல்போல் இருந்தது. அப்பா ஒரு காலைப் பின்னால் வைத்தார். பிறகு இன்னொன்று. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். எனக்கோ கண்ணாடி இல்லாமல் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. நானும் பின்னால் நடந்தபடி, காலால் தடவித் தடவித்தான் சொன்னேன். பாதி வழியில் அவர் நின்றார்.

"பின்னாடி யாரும் இல்லியே?"

"யாரும் இல்ல. நான்தான் இருக்கேன்."

"சரி" என்று மறுபடி காலை எடுத்து வைத்தார்.

சூளைக்கு முன்னால் இடம் அகலமானதும் பஸ்ஸைத் திருப்புகிறவர்போல் அவராகவே பெரிய வட்டமாகச் சுற்றித் திரும்பி, கடைத்தெருப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அக்கா ஓரமாகப் போய்ச் சூளைச் சுவரில் சாய்ந்து, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு என்ன செய்வாய் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் அப்பாவின் பின்னால் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

தெருப்பக்கமாக வந்ததால் அப்பாவுக்கு வீடு அடையாளம் தெரியவில்லை. வாசலோடு தாண்டிப் போகப் பார்த்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்று, நனைந்திருக்கிறீர்களே, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாமே என்று அந்நியரை அழைப்பதுபோல் அழைத்தாள். அவர் கூச்சத்தோடு உள்ளே வந்து, துணி கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினார்.

"வீட்ல பெரியவங்க யாரும் இல்லியாம்மா?"

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டாள். "அப்பா இருக்காரு. நடக்கப் போயிருக்காரு."

"அப்ப வரட்டும்" என்றார் அவர். "பாத்துட்டே போறேன்."

அவருடைய பேன்ட் விளிம்பு முழுக்கக் கரையோரத்து ஒட்டுப்புல் விதைகள் அப்பியிருந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒரு காலை முடித்ததும் அவர் வாசலைப் பார்த்தபடியே இன்னொரு காலை நகர்த்தி அவள் பக்கம் வைத்தார். நானும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடி இல்லாததால் விதை எது, நூல் எது என்று தெரியாமல், விரலால் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தேன்.