எட்டாவது குறி

"வாயைத் தொறந்தீன்னா இந்த ஊர்ல ஒரு ஊட்டு அழுக்குத் துணியும் உனக்குக் கெடைக்காது, பாத்துக்க!"

குடிசை வாசலில் நின்று அழகிரிசாமி மிரட்டினார். ஊர்ப் பெரிய மனிதர். பூவாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த வக்கீல் பிரான்சிஸைப் பார்த்தாள். தேடுதல் வேட்டை என்று சொல்லி ஆயுதப்படை மலையடிவாரத்தில் செய்த கொலைகளை ஊர் ஊராகப் போய் எழுதி வாங்குகிறவர். கோயமுத்தூர்க்காரர்.

"தொண்ணூத்தி மூணு ஐப்பசியில உங்க ஊட்டுக்காரரை அடிச்சது எத்தன பேருங்கம்மா?"

"எட்டுப் பேருங்க. ஏழு காக்கி, ஒருத்தன் வெள்ளைச் சட்டை. எல்லாரும் மூஞ்சியில துண்டு கட்டியிருந்தானுங்க."

பேனா நின்றது. "அப்ப 'அடையாளம் தெரியாதவர்கள்'னுதான் எழுதோணும். அப்படி எழுதுன தாளு நூறு வெச்சிருக்கேன். ஒரு கேசும் நிக்கலீங்க."

அழகிரிசாமி சிரித்தார். "எழுதிட்டுப் போங்க வக்கீலய்யா. வண்ணாத்திக்கு என்ன தெரியும்?"

பூவாத்தாள் எழுந்தாள். இந்த நாளுக்காக மூன்று வருசம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள்.

"மறுநா வெடியால, எம்பட ஊட்டுக்காரரு சின்னானுக்கு உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கறப்பவே, போலீசு முகாம் துணி மூட்டை எங்கிட்ட வந்துச்சுங்க. ஊர்த் துணியும் வந்துச்சு. எம்பட புருசன் ரத்தத்தை என்னையவே தொவைக்க வெச்சானுங்க. யாரு துணின்னு எனக்குத் தெரியாதுங்களா? காலருக்குள்ள அழியாத சேங்கொட்டை மையில ஆளுக்கொரு குறி போட்டவளே நானுங்க!"

அழுக்கெடுக்கிறவளுக்குக் கண்ணும் உண்டு என்று அந்த ஊரில் எவருக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் மூட்டை வேறெங்காவது போயிருக்கும்.

வக்கீலின் தாளை வாங்கி வரைந்தாள். "ரெண்டு புள்ளி, ஒரு கோடு, ஏட்டய்யா. வளையத்துக்குள்ள புள்ளி, ஜீப் டிரைவரு..." ஒவ்வொரு குறிக்கும் ஓர் ஆள்.

பிரான்சிஸ் எண்ணிப் பார்த்தார். "ஏழுதானுங்களே வருது?"

அவள் உள்ளே போய்த் தகரப்பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தாள். நெஞ்சுப் பக்கம் முழுக்கக் கருத்துக் காய்ந்த கறை.

"இது ஆத்தோட போயிருச்சுன்னு சொன்னதுக்கு, ஊர் நடுவுல என்னையக் கால்ல உழ வெச்சாங்க. உழுந்தனுங்க. இதை மட்டும் நான் தொவைக்கல."

காலரைத் திருப்பினாள். மூன்று கோடு, கீழே ஒரு பிறை.

அழகிரிசாமியின் கை தானாகப் பிடரிக்குப் போனது. அவர் போட்டிருந்த சட்டை, நேற்று அவள் வெளுத்துக் கொடுத்தது.

"எட்டாவது பேரை நாஞ் சொல்லட்டுங்களா, இல்ல நீங்களே காலரைத் திருப்பிக் காட்டறீங்களா, சாமி?"