சாப்பிட்டாச்சு

ஃபோனில் கேட்க வேண்டிய பட்டியலில் அந்தக் கேள்வியைப் பார்த்ததுமே லாவண்யாவுக்குப் பிடிக்கவில்லை. 'இன்று காலை எத்தனை மணிக்கு, என்ன உணவு உட்கொண்டீர்கள்?' அல்சூரில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களிடம் இப்படிப் போலீஸ் மாதிரி கேட்டால் ஃபோனை வைத்துவிடுவார்கள் என்று, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஜூடித்திடம் அடித்துச் சொன்னாள். அதை வெட்டிவிட்டு, நம்ம ஜனங்கள் கேட்கிற மாதிரி 'சாப்டீங்களா?' என்று வைத்தாள். மக்களின் பழக்கம் தெரிந்த பெண் என்று ஜூடித் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். வாணியம்பாடியிலிருந்து வந்த லாவண்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடடா, அன்றைக்கு யாராவது ஒருத்தர் அவளைத் தடுத்திருக்கக் கூடாதா!

சர்க்கரை நோய்க்கான ஒரு புது மாத்திரையைப் பற்றிய ஆராய்ச்சி அது. வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி ஆளையே சாய்த்துவிடும். அதனால்தான் மாத்திரை போடுகிற பெண்களுக்குத் தினமும் காலையில் லாவண்யா ஃபோன் செய்வாள்.

"சாப்டீங்களாம்மா?"

"ஆச்சு கண்ணு. நீ?" என்பாள், அவர்களில் ஒருத்தியான லட்சுமம்மா.

"ஆச்சுங்கம்மா. அப்ப மாத்திரை போட்டுக்குங்க."

பின்னால் குக்கர் விசில் கேட்கும். நன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள் என்று லாவண்யா சந்தோஷப்படுவாள். அது யார் வீட்டுக் குக்கர் என்று கேட்கத் தோன்றவில்லை, பாவி மகளுக்கு.

போன வியாழக்கிழமை, ஒரு வீட்டில் சமையலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகிற வழியில், அபார்ட்மென்ட் படியிலேயே லட்சுமம்மாவுக்குக் கண் இருட்டிவிட்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது.

விஷயம் தெரிந்து லாவண்யா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"ஆச்சுன்னு சொன்னீங்களேம்மா!"

"நீ அவ்ளோ ஆசையா கேக்கற. இல்லேன்னா சொல்லுவாங்க? எங்கியோ இருந்து கேக்கற பொண்ணு, மனசு சங்கடப்படாது? ரெண்டு வீட்டு வேலை முடிச்சாத்தான் நான் வாயில எதனா வெக்கிறது. தினம் மொத வீட்டம்மா சக்கரை போட்டு டீ குடுப்பாங்க, அதுல தாங்கிடும். அன்னிக்குப் பால் திரிஞ்சு போச்சு."

"சாப்ட்டுத்தான் மாத்திரைன்னு டாக்டர் சொன்னாங்களே?"

"சொன்னாங்கதான். ஆனா நீ தெனமும் போட்டுக்கன்னு சொன்னியே கண்ணு. படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டுக்கினேன்."

 'சாப்டீங்களா?' என்றால் பசியோடு இருந்தாலும் 'ஆச்சு' என்றுதான் சொல்வார்கள் என்பது ஜூடித்துக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. லாவண்யாவுக்குமா தெரியாது? அம்மா ஊரிலிருந்து தினம் கேட்கிறாள். காலிவயிற்றோடு மெட்ரோவில் தொங்கிக்கொண்டே இவளும் தினம் 'ஆச்சும்மா' என்கிறாள். அந்தப் பழைய கேள்வியை அப்படியே விட்டிருந்தால் போதும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருந்தால், லட்சுமம்மா இட்லி என்று கதை கட்டியிருக்க மாட்டாள். ஒரு நிமிஷம் தயங்கியிருப்பாள். அந்தத் தயக்கமே காட்டிக் கொடுத்திருக்கும்.

"இனிமே படியேறி வேலைக்குப் போவ முடியாதாம்" என்றாள் லட்சுமம்மா, கூரையைப் பார்த்தபடி. அவள் குரலில் கோபமே இல்லை. திட்டித் தொலைத்திருந்தாலாவது லாவண்யாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு லட்சுமம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மூஞ்சே வாடிக் கெடக்குது. சாப்ட்டியா கண்ணு?"

சேதி கேட்டதிலிருந்து லாவண்யாவின் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

"ஆச்சுங்கம்மா."

லட்சுமம்மா தலையணைக்குப் பக்கத்தில் இருந்த பன்னை எடுத்து, பாதி பிய்த்து, அவளிடம் நீட்டினாள்.